இபன் பதூதாவின் இலங்கை யாத்திரை

பழம்பதிகளையும் மலைகளையும் காணச் செல்வோர் பெரும்பாலும் ஓர் இலக்கையே கருதிப் புறப்படுகின்றனர். ஆயினும், அவர் வழியிற் கண்டவையே சிலபோது பிற்காலத்தார்க்குப் பெரும்பயன் விளைக்கின்றன. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபன் பதூதாவின் யாத்திரை இதற்குத் தக்க சான்றாகும்.

மொறொக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரில் 1304இற் பிறந்த இவர், 1325இல் மக்கா யாத்திரையின் பொருட்டுத் தாயகம் நீங்கியவர். மாலைதீவினின்றும் மதுரைச் சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட கிழக்குக் கரையை நோக்கிச் சென்ற இவரது கலம் வழிதவறி, ஒன்பதாம் நாள் இலங்கையைச் சேர்ந்தது. புகைத்தூண் போல வானளாவி நின்ற சிவனொளிபாதமலையே முதற்கண் அவர்க்குத் தோன்றியது.

அவர் இறங்கிய பத்தாலா என்னுந் துறையைப் புத்தளம் என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச்சக்கரவர்த்தி. அம்மன்னன் பாரசீக மொழியை அறிந்திருந்தான்; தன் நாட்டு முத்துக்களை விருந்தினர்க்குக் காட்டினான்; கடலோடிகள் அஞ்சுமளவிற்குக் கப்பற்படை வலிமையும் உடையவனாயிருந்தான். வேண்டுவது யாதென வினவியபோது, மலைமேலுள்ள பாதத்தைக் காண்பதொன்றே தம் விருப்பம் என்றார் யாத்திரிகர். மன்னன் அவர்க்குச் சிவிகை அளித்து, ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தினர் பதின்மரையும், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவரையும் உடன்விடுத்தான்.

இவ்வழித்துணையின் இயல்பு சிந்திக்கத்தக்கது. அம்மலைப்பாதம் இசுலாமியர்க்கு ஆதமின் அடிச்சுவடு, பௌத்தர்க்குப் புத்தர்பிரானுடையது, சைவர்க்குச் சிவபிரானுடையது. எனினும் வெவ்வேறு சமயத்தினர் ஒருங்கே ஒரு வழி நடந்தனர். இரும்புச் சங்கிலிகளைப் பற்றி உச்சியை அடைந்த அவர், பாதத்தின் அருகே பாறையிற் குடையப்பட்ட குழிகளில் அடியார்கள் பொன்னும் மணியும் இட்டுச் சென்றதைக் குறித்துள்ளார்.

மலையினின்றும் இறங்கித் தென்கரையை அடைந்த அவர், தினாவர் என்னும் பட்டினத்துப் பெருங்கோயிலைக் கண்டார். அதுவே இற்றைத் தேவேந்திரமுனை. அக்கோயிலிற் பிராமணரும் யோகியருமாக ஆயிரவர் இருந்தனரென்றும், ஐந்நூறு மகளிர் ஆடிப்பாடினரென்றும் அவர் கூறுகின்றார்.

இக்கூற்றுக்களை எவ்வளவிற்கு நம்பலாம்? இலங்கையை விட்டகன்றபின், இந்தியாவின் மேற்குக் கடலிற் கொள்ளையர் அவருடைய உடைமைகளையெல்லாம், இலங்கை மன்னன் ஈந்த மணிகளுட்படக் கவர்ந்தனர். மொறொக்கோ திரும்பிய பின்னர், அவர் நினைவிலிருந்து கூறியவற்றை இபன் யுசாய் என்பவர் எழுதி 1355இல் நிறைவு செய்தார். ஆதலின் எண்கள் மிகைப்பட்டிருத்தல் கூடும், இடப்பெயர்களும் திரிந்துள்ளன. அவர் குனகார் எனக் குறித்த தலைநகர் குருநாகலோ கம்பளையோ என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

ஆயினும் அடிப்படைச் செய்திகளுக்குக் கல்லும் துணைநிற்கின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்ததும், 1409ஆம் ஆண்டைக் குறிப்பதுமான காலி மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப்பகுதி, தேனவரை நாயனாரைப் போற்றிக் காணிக்கைகளை வரிசைப்படுத்துகின்றது. கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமச் சாசனம் ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைத் தமிழ்ச் செய்யுளிற் பாடுகின்றது. யாழ்ப்பாண மன்னரின் செல்வாக்கு வடபுலத்தோடு அமைந்துவிடவில்லை என்பது இவற்றாற் புலனாகும்.

தேவேந்திரமுனைப் பெருங்கோயில் 1588இற் போர்த்துக்கேயராற் தகர்க்கப்பட்டது. அது பொலிவுற்று விளங்கிய காலத்தில் நேரிற் கண்டுரைத்த சான்று இவ்யாத்திரிகரதே. பாதம் ஒன்றையே காண விழைந்து வந்தவர், வழியில் ஓர் அரசையும் ஒரு கோயிலையும் கண்டு, அவற்றின் நினைவையும் காத்து வைத்தார். மன்னன் ஈந்த மணிகள் கொள்ளை போயின. கண்டவற்றைக் கூறிய சொற்களோ நிலைத்துள்ளன.