ஸ்டாக்கிங்ஸ் ஒரு இடத்தில் கிழிந்தால் கால் முழுக்க ஏன் ஓடுகிறது? என்ன செய்யலாம்?

விமானத்திலோ ஹோட்டல் வரவேற்பறையிலோ வேலையா? காலையில் ஸ்டாக்கிங்ஸில் விழும் சின்னக் கீறல், ஷிஃப்ட் முடிவதற்குள் கணுக்கால் வரை ஓடிவிடும்.

ஏன் ஓடுகிறது?
இது நெய்த துணி அல்ல, பின்னிய துணி. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பிடித்திருக்கிறது. ஒன்று அறுந்தால் வரிசையே கழன்றுகொண்டு போகும்.

வாங்கும்போது...
பாக்கெட்டில் 'டெனியர்' எண்ணைப் பாருங்க. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். 15 மெல்லியது, சீக்கிரம் கிழியும். 40 கூடுதலாகத் தாங்கும். சைஸ் சின்னதாக எடுக்காதீங்க.

போடும்போது...
மோதிரத்தைக் கழற்றுங்க. நகத்தில் பிசிறு, குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்க. சுருட்டிப் பிடித்து, கால்விரலிலிருந்து மெல்ல ஏற்றுங்க.

கிழிந்துவிட்டதா?
கிழிசலின் இரு முனையிலும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைங்க. காயும்வரை தோலில் ஒட்டாமல் தூக்கிப் பிடிங்க. ஓட்டம் நிற்கும், விழுந்த கோடு மறையாது.

துவைக்கும்போது...
குளிர்ந்த நீர், கைத்துவையல். முறுக்கிப் பிழிய வேண்டாம். மெஷின் என்றால் வலைப்பைக்குள் போடுங்க. நைலான் சூட்டில் உருகும், அயர்ன் கூடாது.

காலுக்கு ஒன்றாகத் தனித்தனியே வரும் ஸ்டாக்கிங்ஸ் என்றால், ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி வாங்குங்க. ஒன்று கிழிந்தாலும் மூன்று மிச்சம்.