அரிவாள் அணுவின் வரலாறு

சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், 1910-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிரெனடாத் தீவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்திருந்த இளைஞர் ஒருவரின் குருதியைப் பற்றியது அது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் பல, கதிரறுக்கும் அரிவாள்போல் வளைந்திருந்தன. இத்தகைய அணுக்கள் நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துத் தாங்கொணா வலியைத் தரும். முற்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் இளமையிலேயே மடிந்தனர்.

1949-இல் ஜேம்ஸ் நீல், இந்நோய் பரவும் முறையை விளக்கினார். புனித அகுஸ்தினார் சபைத் துறவி கிரகோர் மெண்டல் தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கொண்டு ஆராய்ந்து 1866-இல் வெளியிட்ட அதே கணக்கே இங்கும் செல்கிறது. பழுதுற்ற மரபணு ஒன்று மட்டும் உடையவர் நலமாகவே வாழ்வார். அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பெற்றோர் செய்த பிழை எதுவும் இதில் இல்லை. பழுதும் மிகச் சிறியதே. ஈமோகுளோபின் புரதத்தின் ஒரு சங்கிலியில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் அமர்ந்துவிடுகிறது. 1956-இல் வெர்னன் இங்ராம் இதனைக் கண்டார்.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. உயிரைக் குடிக்கும் மரபணு தலைமுறைதோறும் அருகி மறைய வேண்டாமா? கிழக்கு ஆப்பிரிக்காவின் சில இனக்குழுக்களிலோ நூற்றுக்கு முப்பது பேருக்கும் மேலானோர் அதனைச் சுமந்திருந்தனர்!

கென்யாவில் வளர்ந்த ஆந்தனி அலிசன், ஆக்ஸ்போர்டு மாணவராக 1949-இல் அங்குத் திரும்பியபோது ஒன்றைக் கவனித்தார். கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் இம்மரபணு மிகுதி. குளிர்ந்த மேட்டு நிலங்களில் அரிது. கொசுவும் மலேரியாவும் மலிந்த இடங்களும் அவையே. பழுது ஒன்று மட்டும் உடைய குழந்தைகள் கடும் மலேரியாவிலிருந்து பெரிதும் தப்புகின்றனர் என்பதை 1954-இல் அவர் சான்றுகளோடு எழுதினார். இவ்வழியில் முன்னரே சிந்தித்தவர் ஹால்டேன். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்த அறிஞர் இவர்.

பரிணாமம் என்பது தனிமனிதர் தம் வாழ்நாளில் மாறுவதன்று. ஒரு மக்கள்தொகையில் மரபணுக்களின் விகிதம் தலைமுறைகளினூடே மாறுவதாம். மலேரியா நாட்டில் ஒற்றைப் பழுது உடையோர் பிழைத்துப் பிள்ளைகளைப் பெறுவதால் அம்மரபணு பெருகுகிறது. இரட்டைப் பழுது உடையோர் மடிவதால் குறைகிறது. இரண்டும் ஈடாகும் அளவில் அது நிலைத்துவிடுகிறது. 'வலியது வாழும்' என்று மேடைகளில் முழங்குவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஏரிக்கரையில் காக்கும் மரபணு, மலேரியா இல்லாத ஊரில் வெறும் சுமையே.

நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே இம்மரபணு இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷும் அறிவித்தனர். நடு இந்தியப் பழங்குடிகளிடமும் அது பரவலாக உண்டு. இந்நோயை ஒழிக்க இந்திய அரசு 2023-இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில், மரபணுவைத் திருத்தும் மருத்துவத்திற்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. பெருஞ்செலவு பிடிக்கும் அம்மருத்துவம் நோயாளியின் குருதியை உண்டாக்கும் அணுக்களை மட்டுமே மாற்றுகிறது. அவருடைய பிள்ளைகளுக்குச் செல்லும் மரபணு பழையபடியே இருக்கும்.