எஞ்சினியருக்கு எதுக்கு வேற பாடம்? நம் மலைநாடு சொல்லும் பதில்



ஏ.எல் முடித்து பொறியியல் பீடங்களுக்குப் போன நம் பிள்ளைகள் லீவுக்கு பதுளை வந்தால் பாடசாலைப் பக்கமும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "சேர், துறைக்கு வெளியே ஒரு பாடம் தெரிவு செய்யச் சொல்றாங்க. எதை எடுத்தா லேசா ஏ வரும்?" பெற்றோரின் கேள்வி வேறு: "எஞ்சினியராகப் போற பிள்ளைக்கு பொருளியலும் சமூகவியலும் எதுக்கு?"

இரண்டு கேள்விக்கும் நம் மலைநாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

டி.ஜே. விமலசுரேந்திர என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோர்ட்டன்பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு அவர் பெயர்தான். 1874இல் காலியில் பிறந்து, பொதுவேலைகள் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். மஸ்கெலியாப் பக்கத்து அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கண்டார். 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். அதன் தலைப்பைக் கவனியுங்கள்: 'இலங்கையில் மின்வலுப் பயன்பாட்டின் பொருளியல்'. எழுதியவர் எஞ்சினியர், தலைப்பிலோ பொருளியல். அருவியில் மின்சாரம் எடுக்க முடியும் என்பதோடு அவர் நிற்கவில்லை. அதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கணக்கும் காட்டினார்.

அப்படியும் வேலை லேசில் நடக்கவில்லை. தொடங்கியதும் இடையில் நின்றது. அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர், 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் அதையே பேசினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். 32 வருஷம்! தண்ணீரும் உயரமும் 1918இலேயே இருந்தன. தடையாக இருந்தவை பணமும் அரசியலும்தான். அந்த இரண்டையும் பேசத் தெரிந்த ஒரு எஞ்சினியர் இருந்ததால் அந்தத் திட்டம் மறக்கப்படாமல் இருந்தது.

அந்த 1950 இன்னொரு விதத்திலும் முக்கியமான வருஷம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் கொழும்பில் ஆரம்பமானது அப்போதுதான். பின்னர் 1960களில் அது பேராதனைக்குப் போனது. அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் தன் பாடத்திட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. இரண்டாம் உலகப்போரில் அணுகுண்டைக் கண்ட பிறகு, தொழில்நுட்பம் மட்டும் தெரிந்தவர்களை உருவாக்கினால் போதுமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருந்தது. வாரன் லூயிஸ் என்ற இரசாயனப் பொறியியலாளர் தலைமையிலான குழு 1949இல் அறிக்கை கொடுத்தது. அடுத்த வருஷமே அங்கு மானிடவியல், சமூகக் கல்விக்குத் தனிப் பீடம் வந்தது.

நம் நாடு 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தம் அது. கணிதமும் வடிவமைப்பும் மட்டும் அதற்குப் போதாது. சமூகப் பொறுப்பு, ஒழுக்கநெறி, தொடர்பாடல், சுற்றாடல் ஆகியவையும் பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. ஆகவே அந்த 'வேற பாடம்' சும்மா நேரம் போக்க வைத்ததல்ல. 2005இல் நம் ஊரிலேயே தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பாடங்களோடு பொதுக்கல்விப் பாடங்களைச் சேர்த்தே வந்திருக்கிறது.

அதே 2014. ஒக்டோபர் 29, காலை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. நம் மாவட்டத்தில் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணைப் பற்றிய அறிவியல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் லயத்தில் இருப்பவருக்குச் சொந்தக் காணி இல்லை. போ என்றால் எங்கே போவது? வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கேயே. எச்சரிக்கை மக்களின் மொழியில், அவர்கள் நம்பும் விதத்தில் போய்ச் சேர வேண்டும். மாற்றுக் காணிக்குச் சட்டமும் பணமும் வேண்டும். இவை எதுவும் மண்பொறியியல் பாடத்தில் வராது.

ஆகவே பிள்ளைகளே, நாங்கள் சொல்வது இதுதான்.

லேசான ஏ தேடுவதில் குற்றமில்லை, ஜீ.பீ.ஏ.யும் முக்கியம்தான். முதலில் பீடத்தின் கைநூலைப் பாருங்கள்: எத்தனை கிரெடிட், ஜீ.பீ.ஏ.யில் சேருமா, நேர அட்டவணையில் மோதுமா? ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடமும் ஒரு தரம் கேளுங்கள். சீனியர் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். அதன் பிறகு, 'நான் செய்யப்போகும் வேலை எந்த இடத்தில் மனிதரிடம் போய் நிற்கும்?' என்று யோசியுங்கள். சிவில் படிப்பவருக்குக் காணிச் சட்டமோ சமூகவியலோ உதவும். மின்பொறியியல் படிப்பவருக்குப் பொருளியல். இலங்கையில் எங்கே வேலை செய்தாலும் மற்றவரின் மொழி உதவும். சிங்களம் தடுமாறும் பிள்ளைக்கு, வாய்ப்பிருந்தால் அதுவே நல்ல தெரிவு.

பெற்றோரே, அந்த ஒரு பாடத்தை வீண் என்று சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு நம் தோட்டத்து மலையில் ஒரு விரிசல் தெரிந்தால், அதை அளக்கவும் தெரிந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து ஆச்சியிடம் விளக்கவும் தெரிந்த ஒரு எஞ்சினியர் வரவேண்டும். அவர் நம் பிள்ளையாக இருந்தால் நமக்கும் சந்தோஷம்தானே.

கம்பஸில் இருக்கும் பிள்ளைகள் என்ன பாடம் எடுத்தீர்கள், அது எப்படி உதவியது என்று கீழே எழுதுங்கள். தம்பி தங்கச்சிமாருக்குப் பயன்படும்.