தொடையின் பின்புறச் சிரை: பெரம்பலூர், அரியலூர் பெண்களின் கால் நோயும் இடுப்பறையும்

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கும் பெண்களுக்கும், அரியலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் பெண்களுக்கும் கால் சிரை புடைத்தால் அது ‘நரம்பு சுருட்டல்’. பொழுது சாயும்போது அடிவயிறு கனத்து இழுப்பதை அதோடு சேர்த்துச் சொல்வதில்லை. மருத்துவமனையும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: கால் அறுவைப் பிரிவுக்கு, அடிவயிறு மகப்பேற்றுப் பிரிவுக்கு. பிள்ளை பெற்ற பெண்கள் சிலரிடம் இவை ஒரே கோளாறின் இரு முனைகள். அதை அறியும் முதல் தடயம் கால் பரிசோதனையிலேயே கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வலச் சூலகச் சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கிறது. இடச் சூலகச் சிரை இடச் சிறுநீரகச் சிரையில் ஏறக்குறையச் செங்குத்தாகப் போய் விழுகிறது. கருவுற்ற காலத்தில் இவை பல மடங்கு ரத்தத்தைச் சுமந்து விரிகின்றன. அடுத்தடுத்த பேறுகளுக்குப் பின் வால்வுகள் சரியாக மூடாமல் போனால், ரத்தம் பின்னோக்கி இறங்கிக் கருப்பையைச் சுற்றித் தேங்குகிறது. அழுத்தம் மிகும்போது பிறப்புறுப்பு, கவட்டி, பிட்டம் வழியே காலுக்குள் இறங்குகிறது.

இறங்கும் தடமே நோயின் மூலத்தைக் காட்டிக்கொடுக்கும். வழக்கமான சுருள்சிரை, கவட்டியில் சஃபீனஸ் சிரையின் வால்வு பழுதாகி, தொடையின் உட்புறமாகக் கெண்டைக்காலுக்கு வரும். இடுப்பறையிலிருந்து வருவதோ பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலும் பிறப்புறுப்பை ஒட்டியும் தெரியும். படுக்கவைத்தால் அது வற்றி மறைந்துவிடும். நிற்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தால் புடைக்கும். மேல்மூலத்தைக் கவனிக்காமல் காலுக்கு மட்டும் அறுவை செய்தால் சிலருக்குச் சுருள்சிரை மீண்டும் வருவது இதனால்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பல பிள்ளை பெற்ற, எந்த வலியும் இல்லாத பெண்களிடமும் சூலகச் சிரை விரிந்திருக்கும். ஆகவே ஸ்கேனில் கண்ட விரிவை மட்டும் நோய் என்று கொண்டு, எல்லோருக்கும் சிரையை அடைக்கக் கிளம்புவது தவறு. இடுப்பறைச் சிரை நோய்க்கென 2021இல் வெளியான எஸ்விபி (SVP) வகைப்பாடு அறிகுறி, புடைத்த சிரைகள், உடற்கோளாறு ஆகிய மூன்றையும் தனித்தனியே பதியச் சொல்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். 1993இல் முதன்முதலில் பதிவான, கம்பிச் சுருள் கொண்டு சூலகச் சிரையை அடைக்கும் சிகிச்சை, வலியும் பின்னொழுக்கும் ஒருசேர உறுதிப்பட்டவர்களுக்கே பொருந்தும்.

அப்படியானால் இம்மாவட்டங்களுக்கு முதல் தேவை விலையுயர்ந்த கருவி அல்ல. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். கால் காட்டும் பெண்ணிடம் அவர்கள் கூடுதலாக ஒன்று கேட்கலாம்: ‘ரொம்ப நேரம் நின்னா அடிவயிறு கனக்குதாம்மா?’ ஆம் என்றால் 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு அனுப்பலாம். அங்கே ஒரு மறைப்புத் திரையும் உடன் நிற்க ஒரு செவிலியரும் இருக்க வேண்டும். தொடையின் பின்புறத்தைக் கூச்சமின்றிக் காட்ட முடிந்தால்தான், இத்தனை நாள் அவள் சொல்லாமல் வைத்திருந்த வலியும் நோய்க்குறிப்பில் ஏறும்.