களிமண் பொம்மையை நடக்க வைக்கும் இலவச மென்பொருள்கள்

மேசை மேல் ஒரு களிமண் பொம்மை. அதைப் படம் எடுத்து, கையை இம்மியளவு நகர்த்தி, மறுபடியும் ஒரு படம். எடுத்த படங்களை வேகமாக ஓட்டினால் பொம்மை தானாகக் கையசைக்கும். ஸ்டாப் மோஷன் எனப்படும் அசைவூட்டக் கலை இவ்வளவுதான். திரைப்படங்களில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. வீட்டில் செய்பவர்களுக்கு 12 படங்கள் போதும். அப்படியும் ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்ட பிறகுதான் சிக்கல் வருகிறது. இலவசம் என்று தொடங்கும் சில கைப்பேசிச் செயலிகள், படத்தை வெளியே எடுக்கும்போது தங்கள் முத்திரையைப் பதிக்கின்றன அல்லது காசு கேட்கின்றன. தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தும் டிராகன்ஃபிரேம் அருமையான மென்பொருள்தான். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும். பள்ளிப் பிள்ளையின் விடுமுறை முயற்சிக்கு அவ்வளவு தேவையில்லை.

கட்டற்ற திறமூல மென்பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது போட்ஸ் அனிமேட்டர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். சாதாரண வெப்கேமராவைச் செருகினால் வேலையைத் தொடங்கிவிடலாம். இதிலுள்ள முக்கிய வசதி 'ஆனியன் ஸ்கின்'. முன்பு எடுத்த படம் நிழல்போலத் திரையில் தெரியும். பொம்மையை எவ்வளவு நகர்த்தினோம் என்பதை அதைப் பார்த்தே அளந்துகொள்ளலாம். வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாள்களை அடுக்கி வைத்து வரைந்த காலத்துப் பெயர் அது. இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் பொம்மை நடக்காது, துள்ளும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு லினக்ஸ்ஸ்டாப்மோஷன் உண்டு. நார்வேயில் 2005ஆம் ஆண்டு வாக்கில், பள்ளிகளுக்கான ஸ்கூல்லினக்ஸ் திட்டத்திற்காக இரண்டு கல்லூரி மாணவர்கள் எழுதியது. படிப்பு முடிந்து அவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் மென்பொருள் முடங்கவில்லை. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருந்ததால் மற்றவர்கள் எடுத்துப் பராமரித்தார்கள். அதிலிருந்து கிளைத்த கியூஸ்டாப்மோஷன் விண்டோஸிலும் இயங்குகிறது. காசில்லாமல் கிடைப்பதைவிட இதுதான் பெரிய லாபம். நிறுவனம் கைவிட்ட செயலியை இப்படி யாரும் எடுத்து நடத்த முடியாது.

கைப்பேசியில் எடுத்த படங்களைக் கோக்க பிளெண்டர் உதவும். 2002இல் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி திறமூலமாக விடுவிக்கப்பட்ட முப்பரிமாண மென்பொருள் அது. அதிலுள்ள காணொளித் தொகுப்புப் பகுதியில் படங்களை வரிசையாக இறக்கி, ஒலியும் சேர்க்கலாம். பழைய மடிக்கணினியில் சற்றுத் திணறும். கற்றுக்கொள்ளவும் பொறுமை வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் அதை அந்தந்தத் திட்டத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே பதிவிறக்குவது நல்லது. இதே பெயர்களில் வேறு எதையாவது ஒட்டிக்கொண்டு வரும் கோப்புகளும் உலவுகின்றன.

மென்பொருளால் தீராத சில வேலைகளும் உண்டு. கேமராவை ஒட்டுநாடாவால் இறுக்க வேண்டும். கேமரா தானாக ஒளியையும் குவியத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காட்சி மினுக்மினுக்கென்று துடிக்கும். சன்னல் வெயில் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் திரையை இழுத்துவிட்டு மேசை விளக்கில் எடுப்பதே உத்தமம். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். பொம்மைக்குக் காகிதச் சட்டை போட்டிருந்தால் அது படபடப்பது ஒவ்வொரு படத்திலும் தெரியும்.