வீட்டுச் செலவில் சிக்கனம்: வட்டியின் வாசலுக்குப் போகாமல் இருக்க

 

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் முழுவதும் வயலும் தெருவும் தண்ணீரில் நின்றன. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்குத் தலா 2000 ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது.

2000 ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்ட முடியும்? பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் திருவாமாத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போன்ற கிராமங்களில் வயல் வேலை, கொத்தனார் வேலை, சிறு கடை, தள்ளுவண்டி என்று அன்றாட வருமானத்தில்தான் பெரும்பாலான வீடுகள் நடக்கின்றன. பத்து நாள் மழை பெய்தால் பத்து நாள் வருமானம் இல்லை. கையில் ஐயாயிரம் ரூபாய் வைத்திருக்கும் வீடு அந்தப் பத்து நாளைக் கடந்துவிடும். அது இல்லாத வீடு நகையை அடகு வைக்கும், அல்லது வட்டிக்கு வாங்கும். பிறகு மழை நின்றாலும் வட்டி நிற்பதில்லை.

ஆகவே சிக்கனம் என்பது வெறும் காசுக் கணக்கு அல்ல. நம் குடும்பத்தை ஹராமிலிருந்து காக்கும் வேலி அது.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

ரஹ்மானின் நல்லடியார்களின் பண்புகளைச் சொல்லும் இடத்தில், அவர்கள் செலவழிக்கும்போது அளவு மீறவும் மாட்டார்கள், சுருக்கிப் பிடிக்கவும் மாட்டார்கள், இரண்டிற்கும் நடுவே நிற்பார்கள் என்று அல்லாஹ் குறிப்பிடுகிறான் (அல்குர்ஆன் 25:67). வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானின் உடன்பிறப்புகளாகவே சொல்லி எச்சரிக்கிறான் (17:27). அடுத்த இரண்டாவது வசனத்திலேயே, கையை இறுக்கி மூடிக்கொள்வதையும் தடுக்கிறான் (17:29).

ஆகவே மனைவி மக்களுக்குப் பால், முட்டை, மருந்து, பள்ளிச் செலவு ஆகியவற்றைக் குறைத்துப் பணம் சேர்ப்பது மார்க்கம் சொல்லும் சிக்கனம் ஆகாது. அல்லாஹ்வின் திருப்தியை நாடி ஒருவர் தம் குடும்பத்துக்குச் செலவிடுவதும் தர்மமே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (புகாரி 55). தம் கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி 5364). மனைவியிடம் 'சிக்கனமாக இரு' என்று சொல்லிவிட்டு, சிகரெட்டுக்கும் டீக்கடைக்கும் கணக்கில்லாமல் கொடுக்கும் கணவர்கள் இந்த ஹதீஸை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சேமித்தால் தவக்குல் போய்விடுமா?

'நாளைக்கு அல்லாஹ் தருவான், எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்?' என்று சிலர் கேட்கிறார்கள். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஏழு ஆண்டுகள் விளைச்சல் இருக்கும், அடுத்த ஏழு ஆண்டுகள் பஞ்சம் வரும் என்று கனவுக்கு விளக்கம் சொன்னதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. உண்பதற்குத் தேவையான சிறு அளவு போக, மீதியைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கும்படி வழியும் காட்டினார்கள் (12:47). நம் பகுதியில் உளுந்தும் மணிலாவும் விளைவிக்கும் விவசாயிகளுக்கு அதன் அருமை தெரியும். அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட மாட்டார்கள்.

நபி (ஸல்) அவர்களும் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் (புகாரி 5357). நோயுற்றிருந்த ஸஅத் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்ய விரும்பியபோது, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று அறிவுறுத்தினார்கள் (புகாரி 1295). சேமித்து வைத்தபின் அல்லாஹ்வைச் சார்ந்திருப்பதே தவக்குல்.

முதலில் ஒரு நோட்டு

சிக்கனத்தின் முதல் படி எழுதுவது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு மாதம் வீட்டில் யார் எதற்குச் செலவழித்தாலும், ஐந்து ரூபாயாக இருந்தாலும், எழுதுங்கள். மாத முடிவில் மூன்றாகப் பிரியுங்கள்: இல்லாமல் முடியாதவை, குறைக்கக் கூடியவை, தேவையே இல்லாதவை.

ஒரு டீ 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று டீ என்றால் மாதம் 1080 ரூபாய். இரண்டை விட்டு ஒன்றோடு நிறுத்தினால் மாதம் 720 ரூபாய் மிச்சம். 28 மாதத்தில் இது 20,160 ரூபாய் ஆகிறது. இந்தத் தொகையை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

சமையலறை

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. 'ரேஷன் அரிசியா?' என்று முகம் சுளிப்பவர்கள் அதை இட்லி, தோசை மாவுக்கும் கஞ்சிக்கும் பயன்படுத்தலாம். உரிமையுள்ள பொருளை வாங்குவதில் வெட்கம் இல்லை. அதை வாங்கி வெளியில் விற்பதுதான் தவறு.

காய்கறிக்கு உழவர் சந்தை நல்லது. 1999-ல் மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில் விவசாயி நேரடியாக விற்பதால் இடைத்தரகர் கூலி குறைகிறது. விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்களிலும் உழவர் சந்தை இருக்கிறது. என்ன சமைப்பது என்று முடிவு செய்து, பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். பசியோடு கடைக்குப் போனால் பை நிறையும், பர்ஸ் காலியாகும்.

பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பது, பாத்திரத்தை மூடிச் சமைப்பது, கொதி வந்ததும் அடுப்பைக் குறைப்பது ஆகிய மூன்றையும் வழக்கமாக்கினால் சிலிண்டர் கூடுதல் நாள் வரும்.

தட்டில் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிடுவதும், கீழே விழுந்த கவளத்தைச் சுத்தம் செய்து உண்பதும் சுன்னத்து (முஸ்லிம் 2033, 2034). உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது என்பதே அதற்கு நபியவர்கள் சொன்ன காரணம். ரமளானில்தான் நம் வீடுகளில் செலவு மிக அதிகம். நோன்பு பசியைக் கற்றுத்தர வந்தது, நாமோ இஃப்தாருக்கு ஏழு வகை வைத்து மூன்றை மறுநாள் கொட்டுகிறோம். கஞ்சி, பேரீச்சம்பழம், ஒரு பலகாரம் என்று நிறுத்திப் பாருங்கள், வயிறும் நன்றி சொல்லும்.

மின்சாரமும் தண்ணீரும்

2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். எனவே 510 யூனிட் வரும் வீடு 20 யூனிட் குறைத்தால் கிடைக்கும் லாபம் 20 யூனிட்டின் விலையைவிடப் பெரிது.

பழைய 60 வாட் குண்டு பல்பு நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்கூட ஆகாது. 75 வாட் மின்விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 30 வாட்டில் ஓடும் புதிய வகை மின்விசிறிக்குச் சுமார் 22 யூனிட்தான். இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம், பழுதாகி மாற்றும்போது இதை வாங்குங்கள். தொட்டி நிரம்பி வழிய மோட்டாரை விட்டுவிடுவதும் விரயமே. ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்தில் சுமார் முக்கால் யூனிட் இழுக்கும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். நான்கு முதல் ஐந்து முத்து அளவில் குளித்திருக்கிறார்கள் (புகாரி 201). இன்று பள்ளிவாசல் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறோம். வணக்கத்திற்கான தண்ணீரிலேயே அளவு இருந்ததென்றால், வண்டி கழுவும் தண்ணீரைச் சொல்ல வேண்டுமா?

பயணம்

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விழுப்புரத்துக்கு வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வரும் பெண்கள் ஷேர் ஆட்டோவுக்குப் பதில் இதைப் பயன்படுத்தி, மிச்சத்தைத் தனியாக எடுத்து வைக்கலாம். ஆண்களும் பக்கத்துத் தெருவுக்குப் பைக்கை எடுப்பதை விட்டால் பெட்ரோல் மிஞ்சும். பள்ளிவாசலுக்கு நடந்து போனால் ஒவ்வொரு அடிக்கும் நன்மையும் உண்டு.

விசேஷங்களில்தான் ஓட்டை பெரிது

ஆண்டு முழுவதும் அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரு நாள் விசேஷம் தின்றுவிடுகிறது. நிக்காஹ், வலீமா, சுன்னத், வளைகாப்பு, பெயர் வைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ. இவற்றில் சில மார்க்கத்தில் இல்லாதவை. இருப்பவற்றையும் நாம் பாரமாக்கிவிட்டோம்.

ஜைனப் (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்கள் ஓர் ஆட்டை அறுத்து விருந்தளித்தார்கள். அவர்களுடைய வலீமாக்களில் அதுவே பெரியது (புகாரி 5168). வேறொரு மனைவிக்கு இரண்டு முத்து வாற்கோதுமையில் வலீமா முடிந்தது (புகாரி 5172). இருந்தால் ஓர் ஆடு, இல்லாவிட்டால் வாற்கோதுமை. கடன் வாங்கி ஆடு அறுக்கச் சொல்லவில்லை.

இதில் ஒரு வீடு மட்டும் மாறுவது கடினம். 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயம் இருக்கும். ஆகவே ஜமாஅத்தே கூடி, ஒரே வகை உணவு, எளிய நிக்காஹ் என்று முடிவெடுத்தால் ஏழையின் முதுகிலிருந்து பாரம் இறங்கும். வசதி உள்ளவர் முதலில் எளிமையாக நடத்திக் காட்ட வேண்டும். ஏழை எளிமையாக நடத்தினால் 'வசதியில்லை' என்பார்கள், செல்வந்தர் நடத்தினால்தான் அது வழக்கமாகும்.

வட்டியின் கணக்கு

20,000 ரூபாயை 'மூன்று வட்டிக்கு' வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டி. இரண்டு ஆண்டில் 14,400 ரூபாய் கட்டியிருப்போம், அசல் 20,000 அப்படியே நிற்கும். இரண்டு டீயை விட்ட வீடு 28 மாதத்தில் அதே 20,000-ஐச் சேர்த்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு வீடு சேர்க்கிறது, மற்றொரு வீடு இழக்கிறது. வட்டி வாங்குபவரை மட்டுமல்லாமல் கொடுப்பவரையும் நபியவர்கள் சபித்திருக்கிறார்கள் (முஸ்லிம் 1598). கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்லவும் வாக்களித்தால் மீறவும் நேரிடுகிறது என்று காரணம் கூறி, தொழுகையிலேயே கடனைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் (புகாரி 832). வாரக் குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும் நாளில் 'அத்தா வீட்டில் இல்லை' என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குகிறோமே, அது இதுதான்.

ஏற்கெனவே சிக்கியவர்கள் வெளியே வர வழி உண்டு. புதிய கடனை நிறுத்துங்கள். அதிக வட்டியுள்ளதை முதலில் அடையுங்கள். நிலையில் கிடக்கும் நகையை விற்று அசலை முடிப்பது, அதை அடகில் வைத்து ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுவதைவிட மேல். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்தின்படி புகார் கொடுக்கலாம்.

உறவினர்களோ, ஒரே தெருக்காரர்களோ பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 1000 ரூபாய் போட்டு, ஏலம் இல்லாமல் குலுக்கலில் ஒருவருக்கு முழு 12,000-ஐயும் கொடுக்கலாம். போட்டதே திரும்ப வருவதால் இதில் வட்டி இல்லை. தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு மீதியைப் பங்கிடும் ஏலச்சீட்டு வேறு, அதைத் தவிர்க்க வேண்டும். ஜமாஅத்தின் பைத்துல்மாலில் சிறு வட்டியில்லாக் கடனுக்குத் தனி நிதி வைப்பதும் நம் மீதுள்ள பொறுப்பு. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (2:280).

மிஞ்சியதை என்ன செய்வது?

மாத முடிவில் மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது. வருமானம் வந்த அன்றே ஒரு தொகையை ஒதுக்குங்கள். முதல் இலக்கு, ஒரு மாதச் செலவுக்கு ஆகும் பணம். அடுத்த புயலுக்கும், அடுத்த காய்ச்சலுக்கும் அது கைகொடுக்கும்.

சேமிப்பு வளர்ந்தால் ஜகாத்தையும் கணக்கிட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் தங்கத்தின் நிஸாப் 87.48 கிராம், சுமார் 11 பவுன். வெள்ளியின் நிஸாப் 612.36 கிராம். நகையோடு பணமும் இருப்பவர்கள் தங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கீரை விற்கும் அம்மாவிடம் இரண்டு ரூபாய் குறைப்பதையும், வீட்டு வேலை செய்பவரின் கூலியை இழுத்தடிப்பதையும் சிக்கனத்தில் சேர்க்காதீர்கள். நம் ஆடம்பரத்தில் குறைக்க வேண்டியதை ஏழையின் உரிமையில் குறைத்தால் பரக்கத் போய்விடும்.

இந்த மாதமே ஒரு நோட்டு வாங்குங்கள். பிள்ளைகளையும் உட்கார வைத்து எழுதுங்கள். நம் வீடுகளை வட்டியிலிருந்தும், கடனின் இழிவிலிருந்தும், வீண்விரயத்திலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஹலாலான ரிஸ்க்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.