பிள்ளைக்காக யார் கேட்பது?

இரணியலில் ஓர் அரண்மனை இருக்கிறது. வேணாட்டு மன்னர்கள் வாழ்ந்த இடம். அந்த ராஜாக்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம்... மன்னர் இறந்தால் பட்டம் மகனுக்கு அல்ல, சகோதரி மகனுக்கு! 1729-ல் மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறியது அப்படித்தான். 'அப்பா ராஜா, எங்களுக்கு ஒண்ணுமில்லையா?' என்று எதிர்த்து நின்ற முந்தைய மன்னரின் பிள்ளைகள் உயிரையே பறிகொடுத்தார்கள்.

ராஜா வீட்டுச் சமாசாரம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. இரணியலுக்குக் கிழக்கே, நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் இதே மருமக்கள் வழிதான். அப்பா இருக்கும்வரை சோற்றுக்குப் பஞ்சமில்லை. அவர் கண்ணை மூடியதும் வயலும் வீடும் அவருடைய சகோதரி மகன் கைக்குப் போய்விடும். பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு. அதையும் கேட்டு வாங்கவேண்டும். யார் கேட்பது? தாய் படி தாண்டாதவள். பிள்ளையோ சின்னது.

கடைசியில் அவர்களுக்காகக் கேட்டவர் ஒரு கவிஞர்! தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற அவருடைய நூலில் பேசுவது கவிஞர் அல்ல. ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டு, கணவன் போனதும் தவிக்கிற ஒரு பெண். 1910-களின் கடைசியில் 'தமிழன்' இதழில் தொடராக வந்தபோது ஊரே சிரித்தது. சிரித்து முடித்ததும் சுருக்கென்று குத்தியது. சமூகத்துக்குள் ஏற்கெனவே எழுந்திருந்த குரல்களோடு இதுவும் சேர, 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் சொத்துரிமை வந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த நூலே ஒரு பெண் சார்பில் இன்னொருவர் போட்ட மனுதான்!

இன்றைக்குக் கவிஞர் வரவேண்டியதில்லை. 1973-ம் வருட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. குழந்தை சார்பில் தாய் மனு போடலாம். பெற்றோருக்கு முறைப்படி கல்யாணம் நடக்கவில்லை என்றாலும் பிள்ளையின் உரிமை போகாது. மாதம் 500 ரூபாய்தான் என்றிருந்த உச்சவரம்பும் 2001-ல் நீங்கிவிட்டது. வக்கீலுக்குக் காசில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு.

அப்படியும் எத்தனையோ தாய்மார்கள், 'அந்த ஆள்கிட்ட போய் நான் கையேந்தணுமா?' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ரோஷம் நியாயம்தான். ஆனால், அம்மா... நீங்கள் கேட்பது உங்களுக்காக அல்லவே! பிள்ளைக்குச் சேரவேண்டியதை, பிள்ளைக்குப் பதிலாகக் கேட்கிறீர்கள். அவ்வளவுதான்.